பிள்ளையாரைத் தூக்க வந்த மூன்று பேர்

செருப்ப அங்கயே விட்டுட்டு வாங்க தம்பி. அங்க இல்ல, குழாய்க்கு இந்தப் பக்கம். ஆங், அப்படி. மாடிச் சாவிய எங்க வீட்டம்மா எங்கயோ வெச்சுட்டுப் போயிட்டா, தேடணும். மக வீட்டுக்குப் போயிருக்கா, கோயமுத்தூருக்கு. ரெண்டு மாசமாச்சு. வருவா. நீங்க உக்காருங்க, வாடகைக்குப் பாக்க வந்த மாடி எங்கயும் ஓடிப் போயிடாது.

எதிர்க்கரையில என்ன காலி எடம்னு வரும்போதே கேட்டீங்கள்ல? சொல்றேன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நம்ம தெரு. அந்தப் பக்கம் ரெண்டு மாசத்துக்கு முந்தி வரைக்கும் பதினாலு வீடு. வீடுன்னா நீங்க வீடுன்னு நெனச்சுக்காதீங்க. பழைய தகரம், கட்சிக்காரன் கழட்டிப் போட்ட பிளக்ஸ், அவ்வளவுதான். ஒரு வீட்டுச் சொவத்துல யாரோ ஒரு வட்டச் செயலாளரு பாதி மூஞ்சியோட வருஷம் பூரா கும்பிட்டுக்கிட்டே நின்னாரு. இப்ப பாருங்க எப்படி இருக்கு. காத்து நேரா வருது. நீங்க குடுத்து வெச்சவரு.

என்னைய இங்க எல்லாரும் டி.கே.ம்பாங்க. டைம்கீப்பர். திருச்சி பஸ் டிப்போவுல முப்பத்தொரு வருஷம். எந்த வண்டி எத்தன மணிக்கு வரணும், எத்தன நிமிஷம் லேட்டு, எல்லாம் இந்தக் கைக்கடிகாரத்துலதான். ரிட்டையர் ஆகி ஆறு வருஷமாச்சு, இன்னும் கழட்டல. ஒரு வேலையின்னா அதுக்கு ஒரு நேரம் வேணும் தம்பி. அது இல்லாத ஜென்மங்களக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். அந்தப் பதினாலு வீட்டுல ஒருத்தன்கிட்டயாவது ஒழுங்கா ஓடுற கடிகாரம் இருந்திருக்குமா? சந்தேகந்தான்.

அந்தக் கும்பல்லேர்ந்துதான் மூணு வாண்டுங்க நம்ம பிள்ளையாரத் திருட வந்துச்சுங்க. ஆமா தம்பி, நீங்க கேட்டுக்குள்ள வரும்போது பாத்தீங்களே, காம்பவுண்டு ஓரமா மேடையில, அவரைத்தான். ஒன்றரை அடிதான் இருப்பாரு, ஆனா கருங்கல்லு. நாப்பது கிலோவுக்குக் கொறையாது. அவரத் தூக்க வந்த மூஞ்சிங்களப் பாக்கணுமே! மூணையும் சேத்து எடை போட்டாக்கூட ஒரு முழு ஆளு தேறாது.

சிரிக்கிறீங்க. பிள்ளையாரத் திருடறது நம்ம பக்கம் உள்ளதுதான், நான் இல்லேங்கல. பிள்ளையார வெல குடுத்து வாங்கி வெச்சா சக்தி கெடையாது. கேட்டு வாங்கினாலும் கெடையாது. திருடிக் கொண்டாந்து வெக்கணும். அதுக்கு முறை இருக்கு. தூக்குன கை, எடம் போய்ச் சேர்ற வரைக்கும் நடுவுல கீழ வெக்கக் கூடாது. வெச்சா அவரு அங்கயே உக்காந்துருவாரு, அப்புறம் அவர எடுக்கறது பாவம். பறிகொடுத்தவன் தேடிக்கிட்டுப் போகக் கூடாது, போலீசுக்குப் போகக் கூடாது. எல்லை தாண்டிட்டாருன்னா அவரு அவங்க பிள்ளையாரு. நமக்கு வேணும்னா நாம இன்னொருத்தரத் திருடிக்க வேண்டியதுதான்.

இவரே அப்படி வந்தவருதான். தொண்ணூத்தொண்ணுல இந்தக் காம்பவுண்டு ஆறடி வாய்க்கா எடத்துல இருக்குன்னு எனக்கு ஒரு நோட்டீஸ் வந்துச்சு. மறுவாரம் காலையில முதல் ட்ரிப், அஞ்சே கால் வண்டி. டிரைவர் ராயப்பன் நம்ம தோஸ்து. ஒரு ஊரு ஏரிக்கரையில வண்டிய நிறுத்துனான், நானும் கண்டக்டரும் எறங்குனோம், தூக்குனோம், ஏறுனோம். ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு. டிப்போ வரைக்கும் மடியிலயே வெச்சுக்கிட்டு வந்தேன், தொடை ரெண்டும் மரத்துப் போச்சு. வண்டி லேட்டுகூட ஆகல. மேடையில வெச்சு மால போட்டேன். அதுக்கப்புறம் அளக்க வந்தவன் பிள்ளையாரப் பாத்தான், கன்னத்துல போட்டுக்கிட்டான், டேப்பச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டான். முப்பத்துச் சொச்சம் வருஷமாச்சு, ஒரு பய இந்தச் சொவத்தத் தொடல.

அது திருட்டில்ல தம்பி. அது முறை. இதுங்க பண்ணதுதான் திருட்டு.

இதுங்களுக்கு இந்த யோசன எங்கேர்ந்து வந்துச்சுன்னுதான் எனக்கு இன்னும் புரியல. எதிர்க்கரைக்கு நோட்டீஸ் ஒட்டுன அன்னிக்கு, தெருக்குழாய்கிட்ட நின்னு நான் நம்ம ஆளுங்ககிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். "அவங்களுக்கு நாதியில்ல, பதினஞ்சு நாள்ல காலி பண்ணித்தான் ஆகணும். நம்மள எவன் தொடுவான்? வாசல்ல பிள்ளையாரு உக்காந்திருக்காரே, அவரத் தாண்டி இடிக்கற மெஷின் வந்துருமா?" அப்படின்னேன். இவர ஏரிக்கரையிலேர்ந்து தூக்கிட்டு வந்த கதையையும் சொன்னேன். தண்ணி புடிக்க வந்த புள்ள ஒண்ணு, குழாயடியில குடத்த வெச்சுட்டு வாயப் பொளந்து கேட்டுக்கிட்டு நின்னுச்சு. குடம் ரொம்பி வழியறதுகூடத் தெரியல அதுக்கு. அப்படி ஒரு மந்தம்.

அதுதான் தலைவி. பேரு ரெஜினா. ஏழாவது படிக்குது, பன்னெண்டு வயசு. பிள்ளையாரத் தூக்க வர்ற கோஷ்டிக்குத் தலைவி பேரு ரெஜினா! துணைக்கு ஒருத்தன், சாதிக்குன்னு பேரு, பாய் வீட்டுப் பய. வாய் மட்டும் வண்டலூர் வரைக்கும் இருக்கும். மூணாவது தருமன்னு ஒரு பொடியன். பிள்ளையாருக்கு ஒறவு மொறைன்னா அவன் ஒருத்தன்தான், அவனுக்குத்தான் பயம் ஜாஸ்தி. சாமி கண்ணக் குத்திரும்னு அழுவான்.

எனக்கு எப்படி இவ்வளவும் தெரியும்னு கேளுங்க. அங்கதான் இருக்கு இதுங்க புத்திசாலித்தனம். சாக்கடை வேலைக்குன்னு கொண்டாந்த பெரிய சிமென்ட் குழாய் நாலு, நம்ம காம்பவுண்டுக்கு வெளிய வருஷக்கணக்கா கெடக்கு. அதுல ஒண்ணுக்குள்ள பூந்து உக்காந்துக்கிட்டு ரகசியம் பேசுதுங்க. குழாயோட இன்னொரு வாய் எங்க இருக்கு? என் ஜன்னலுக்கு நேரா! உள்ள இருந்து கிசுகிசுன்னு பேசுனா என் காதுல மைக் வெச்ச மாதிரி விழுவுது. நான் ஈசிசேர்ல சாஞ்சுக்கிட்டு அவ்வளவையும் கேக்கறேன். திருடறதுக்குத் திட்டம் போடற லட்சணம் இது.

மொத நாளு ஒரே சண்டை. சாதிக்குக் கேக்கறான், "நாம ஒரு பச்சைக் கொடி நட்டு தர்கான்னு சொல்லிட்டா என்ன?" அதுக்கு ரெஜினா, "வெறுங்கொடிய எவன்டா மதிப்பான்?" தருமன் கேக்கறான், "ஒங்க மாதா செலை?" "மாதான்னா வெல குடுத்து வாங்கணும், ஃபாதர் வந்து ஜெபம் பண்ணணும். பிள்ளையாருன்னா திருடிக்கலாம். திருடுனாத்தான்டா சக்தியே. டி.கே. தாத்தா சொன்னாரு." நான் சொன்னேனாம்! எப்படிப் பழிய என் தலையில போடுது பாருங்க.

அப்புறம் தருமன் மூக்க உறிஞ்சிக்கிட்டே கேக்கறான். "வெச்சா நெசமாவே இடிக்க மாட்டாங்களா?" "மாட்டாங்க." "எங்க வீட்டையுமா?" "கோயிலு மொத வீட்டுக்கிட்ட. ஒங்க வீடு கடைசி வீடு. வரிசை பூரா சாமி பாத்துக்கும்." பாத்துக்குமாம். அவருக்கு வேற வேலையில்ல பாருங்க.

ஆனா ஒண்ணு தம்பி, பொய் சொல்லக் கூடாது, அந்தப் பத்து நாளும் எனக்கு நல்லாப் பொழுது போச்சு. சாயங்காலம் நாலரை ஆனா குழாய்க்குள்ள கூட்டம். நானும் காபிய எடுத்துக்கிட்டு வந்து உக்காந்துருவேன். ஒரு நாளு நாலே முக்கால் வரைக்கும் காணோம். எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! நோட்டீசு தேதி நெருங்குது, ஒரு பொறுப்பு வேணாம்? அப்புறம் பாத்தா தருமனுக்குக் காய்ச்சலாம். அன்னிக்கு ராவுல எங்க வீட்டம்மா கேக்கறா, "என்ன, சோறு எறங்கலியா?"ன்னு. இதுங்களால என் சாப்பாடும் கெட்டுது.

ஒத்திகை வேற. சிமென்ட் சாக்குல மணலக் கட்டி, ரெஜினா அவங்கம்மா பழைய சேலையில தூளி மாதிரி போட்டு, மூங்கில்ல கோத்து, முன்னால தருமன், பின்னால ரெஜினா, அடியில கை குடுக்க சாதிக்கு. குழாய்கிட்டேர்ந்து கெளம்பி வாய்க்காப் பாலம் தாண்டி அந்தக் கரைக்குப் போகணும். பாலம்னா ஒத்தை ஸ்லாபு, அம்பதடி நீளம், ரெண்டு பேரு எதிர எதிர வந்தா ஒருத்தரு ஒதுங்கணும். பாதிப் பாலத்துல தருமன் தொப்புன்னு எறக்கிருவான். ஒடனே ரெஜினா கத்தும், "எறக்கிட்டல்ல? போ, தண்ணிக்கு நடுவுலயே கோயில் கட்டிக்க!" மறுபடியும் மொதல்லேர்ந்து. நான் ஜன்னல்லேர்ந்து கடிகாரத்தப் பாப்பேன். மொத நாளு பதினோரு நிமிஷம். த்தூ. கடைசி நாளு ஏழு நிமிஷத்துக்கு வந்துச்சுங்க. மூச்சு எப்ப வாங்கணும், எங்க தோள் மாத்தணும், ஒண்ணும் தெரியாது. தோள் மாத்தும்போது முட்டுக் குடுக்க மாத்துக் கம்பு ஒண்ணு வெச்சுக்கிட்டா ஆறு நிமிஷத்துல முடிக்கலாம். எனக்குச் சொல்ல வாய் துறுதுறுங்குது. திருட வர்றவங்ககிட்ட போய்ச் சொல்ல முடியுமா?

நீங்க கேக்கலாம், தெரிஞ்சும் ஏன் கேட்டப் பூட்டல, ஏன் மேடையில சிமென்ட் வெச்சுப் பூசலன்னு. எங்க வீட்டம்மாவும் அதையேதான் கேட்டா. கையும் களவுமாப் புடிக்கணும்ல? அதுக்குத்தான். வேற ஒண்ணுமில்ல.

நேரம் மட்டும் சரியாக் குறிச்சிருந்துச்சு அந்தக் கழுத. ஞாயித்துக்கெழம மத்தியானம் ரெண்டரை. தெருவே கறிச்சோறு தின்னுட்டுக் கெடக்கற நேரம். செவ்வாக்கெழம காலையில எட்டு மணிக்கு மெஷின் வருதுன்னு சொல்லியிருந்தாங்க. ஞாயிறு வெச்சாத்தான் திங்கக்கெழம ஒரு நாளு பூச போட்டு, பொட்டு வெச்சு, பழைய கோயில் மாதிரி ஆக்க முடியும். அந்தக் கணக்கு நல்ல கணக்குத்தான். யாரோ பெரியவங்க சொல்லிக் குடுத்திருக்கணும்.

என்னைய என்ன பண்றதுன்னும் பேசுனாங்க. அதக் கேட்டீங்கன்னா ஒங்களுக்கே கோவம் வரும். சாதிக்குச் சொல்றான், "அந்தாளுகிட்டப் போயி பஸ் டைம் கேட்டாப் போதும். அரை மணி நேரம் வுடாமப் பேசுவாரு. யானையத் தூக்கிட்டுப் போனாலும் தெரியாது." மூணும் குழாய்க்குள்ள விழுந்து விழுந்து சிரிக்குதுங்க. இருங்கடா, ஒங்களுக்கு இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஞாயித்துக்கெழம ரெண்டு இருவத்தெட்டுக்கு நான் ஜன்னல்ல தயார். கையில பிரம்பு. ரெண்டு முப்பது, சொல்லி வெச்ச மாதிரி கேட்டுகிட்ட சாதிக்கு வந்து நிக்கறான். எண்ண தேய்ச்சு வகுடு எடுத்து, பெரிய கலெக்டரு.

"தாத்தா, முசிறி பஸ் எத்தன மணிக்கு?"

நான் பதிலே பேசல. தெரியும்ல? கம்முனு நின்னேன்.

"மண்ணச்சநல்லூர் வழியாத்தான தாத்தா போவும்?"

சொல்லுங்க தம்பி, கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா? முசிறி பஸ் எதுக்குடா மண்ணச்சநல்லூர் போவுது? அது துறையூர் வண்டிடா முண்டம்! முசிறின்னா ஆத்தோரமா, வாத்தலை, குணசீலம், அப்படித்தான் போவணும். "அப்படியா தாத்தா? எங்க மாமா மண்ணச்சநல்லூர்னாரே." ஒங்க மாமன் ஒரு கூறு கெட்டவன்டான்னு வாசலுக்கே வந்து, ஒவ்வொரு நிறுத்தமா வெவரமாச் சொன்னேன். ஒரு விஷயத்தத் தப்பாத் தெரிஞ்சுக்கிட்டு ஒரு புள்ள போகக் கூடாது பாருங்க. நாலு நிமிஷம்தான் இருக்கும். பேச்சுல முசிறி கைகாட்டிகிட்ட வந்தேன், அந்தப் பய ஒரே ஓட்டமா ஓடுறான். திரும்பிப் பாத்தா மேடை காலி.

மேடையில ஒரு காயிதம், அது மேல கல்லு. நோட்டுல கிழிச்ச காயிதம். "பிள்ளையார் அப்பா, மன்னிசிக்கோ. உன்ன நல்லா பாத்துக்குவோம். டி.கே. தாத்தாவுக்கு வேற சாமி வர வை." மன்னிச்சிக்கோல ஒரு ச் விட்டுப் போச்சு. ஏழாவது படிக்கற லட்சணம். கடிதாசி எழுதி வெச்சுட்டு எவனாவது திருடுவானா?

பாலத்துல போயிக்கிட்டிருக்காங்க. தூளி ஆடுது. நான் ஓடுறேன். பாலம்தான் எல்லை. அந்தப் பக்கம் கால் வெச்சுட்டாங்கன்னா அவரு அவங்களோடவரு, நான் வாயத் தொறக்க முடியாது. அறுவத்துநாலு வயசுல அப்படி ஒரு ஓட்டம் ஓடுனேன் தம்பி. பாலத்துல முக்காவாசி போயிட்டாங்க, அந்தக் கரைக்கு இன்னும் பன்னெண்டு அடி, அப்ப சேலை டர்ருன்னு கிழிஞ்சுது. இத்துப் போன சேலை. அதுல போயி கருங்கல்லக் கட்டுனா?

கீழ விழுந்திருக்கணும். விழல. மூணும் அப்படியே பாஞ்சு கட்டிப் புடிச்சுக்கிச்சுங்க. தருமன் தும்பிக்கையப் புடிச்சிருக்கான், சாதிக்கு அடியில கையக் குடுத்துக் குத்த வெச்சுக்கிட்டான், ரெஜினா முதுகோட சேத்து அணைச்சிருக்கு. முழங்கையெல்லாம் உரிஞ்சு ரத்தம். ஒரு அடி நகர முடியல. "எறக்காத, எறக்காத, எறக்காதடா"ன்னு அது ஒண்ணுதான் சொல்லுது.

நான் போயி ஒரு காதப் புடிச்சேன். பிள்ளையாரு காதத்தான் தம்பி. இழுக்கறேன், வரல. "வுடுங்கடா நாய்ங்களா"ங்கறேன். "வுட்டா விழுந்துரும் தாத்தா"ங்குது. நெசந்தான், விட்டா விழுந்துரும். கீழ வெக்கவும் முடியாது, வெச்சா அவரு பாலத்துலயே உக்காந்துருவாரு, எனக்கும் இல்ல, அவங்களுக்கும் இல்ல. அதனால நானும் அடியில கையக் குடுத்தேன். நாலு பேரும் ஒத்தைப் பாலத்துல பிள்ளையாரக் கட்டிக்கிட்டு நிக்கறோம், மேல வெயிலு மண்டையப் பொளக்குது, வேர்வையில கல்லு வழுக்குது.

"தாத்தா, அந்தப் பக்கம் பன்னெண்டு அடிதான். நீங்களும் ஒரு கை புடிச்சா சேத்துரலாம்"ங்குது அந்த ரெஜினா. என் மூஞ்சிக்கு நேரா, மூச்சு வாங்கிக்கிட்டு. என்ன துணிச்சல் பாருங்க! என் பிள்ளையாரத் திருட என்னையவே கூப்புடுது. நான் சொன்னேன், "இந்தப் பக்கம் திருப்புங்க. இல்லேன்னா நான் கைய எடுத்துருவேன், சாமி ஒடைஞ்சா பாவம் ஒங்களுக்குத்தான்."

தருமன் ஓன்னு அழுதுட்டான். ரெஜினா என்னையவே பாத்துச்சு. அப்புறம் "திருப்புங்கடா"ன்னுச்சு.

இந்தப் பக்கம் முப்பத்தெட்டு அடி பாலம், அதுக்கப்புறம் வாசல் வரைக்கும். அவ்வளவு தூரமும் தூக்கிக் கொண்டாந்து, மேடையில வெச்சு, நேரா இருக்கான்னு பாத்துச் சரி பண்ணிட்டு நின்னாங்க. திருட வந்தவங்களே கொண்டாந்து வெச்சுட்டுப் போறதக் கேள்விப்பட்டிருக்கீங்களா? ஒரு கண்ணியமான திருடன் இப்படிப் பண்ணுவானா? கீழ போட்டுட்டு ஓடியிருக்க வேணாம்? எனக்கு அப்படியே வெறுத்துப் போச்சு.

சும்மா விடல நான். நூத்தியெட்டு தோப்புக்கரணம் போடச் சொன்னேன், மூணு பேருக்கும். நானே எண்ணுனேன். அறுவதுல தருமன் ஒக்காந்துட்டான். எங்க வீட்டம்மா சொம்புல தண்ணியோட வந்து அவன எழுப்பி விட்டா. என்னையப் பாத்து, "நீங்க திருடிக்கிட்டு வந்தப்ப ஒங்களுக்கு யாரு போடச் சொன்னா தோப்புக்கரணம்?"னு கேக்கறா. அதுங்க முன்னாடியே! பொம்பளைக்கு முறையும் தெரியாது, நேரமும் தெரியாது. மீதிய ரெஜினா ஒருத்தியே போட்டுச்சு, தருமனோடதையும் சேத்து.

அதோட முடிஞ்சுதுன்னு பாத்தா இல்ல. செவ்வாக்கெழம காலையில, எட்டு மணிக்கு மெஷின் வரணும். வரல, லேட்டு. எதிர்க்கரையில ஒரே கூச்சல், அண்டாவும் பாயுமா வெளிய எறிஞ்சுக்கிட்டிருக்காங்க. நான் பிள்ளையாருக்குப் பூ வெச்சுக்கிட்டிருக்கேன். எட்டு பத்துக்கு கேட்டுகிட்ட அந்த ரெஜினா வந்து நிக்குது. ஸ்கூல் யூனிபாரம். அன்னிக்கு எந்த ஸ்கூலு அதுக்கு? முழங்கையில துணிக் கட்டு.

"தாத்தா, ஒரு நாளைக்கு மட்டும் குடுங்க. மெஷின் போனதும் நாங்களே கொண்டாந்து வெச்சுர்றோம். அன்னிக்கு வெச்சோம்ல?"

நான் பொறுமையாத்தான் சொன்னேன். கோவப்படல. "இந்தா பாரு, கேட்டு வாங்கிட்டுப் போற பிள்ளையாருக்குச் சக்தி கெடையாது. முறை அப்படி. நானே குடுத்தாலும் ஒனக்கு வேல செய்ய மாட்டாரு."

யோசிச்சுது. பின்னால தருமனும் சாதிக்கும் வந்து நிக்கறானுங்க, இந்த வாட்டி கோணிச் சாக்கோட. மாத்துக் கம்பு ஒண்ணும் கொண்டாந்திருக்கானுங்க. அது நிமிந்து பாத்துக் கேட்டுச்சு.

"அப்ப நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க தாத்தா. ஏழே நிமிஷம். நாங்க திருடிக்கறோம்."

ஏழு நிமிஷம். எனக்கே நேரம் சொல்லுது தம்பி!

நான் திரும்பல. ஏன் திரும்பணும்? முப்பத்தொரு வருஷம் டிப்போ வாசல்ல கண்ண எடுக்காம நின்னவன் நான். எட்டு பத்துலேர்ந்து எட்டு நாப்பது வரைக்கும் அது அங்க நிக்குது, நான் இங்க நிக்கறேன். நடுவுல பிள்ளையாரு. அது கெஞ்சவும் இல்ல, அழவும் இல்ல. நான் எப்ப திரும்புவேன்னு பாத்துக்கிட்டே நிக்குது. எட்டு இருவதுக்கு கழுத்து வலிச்சுது, அப்பவும் திரும்பல. உள்ளேர்ந்து எங்க வீட்டம்மா "ஒரு தடவ உள்ளதான் வாங்களேன்"னு கூப்புட்டா, போகல. எட்டு நாப்பதுக்கு மெஷின் சத்தம் கேட்டுச்சு. மூணும் சாக்கப் போட்டுட்டு ஓடிச்சுங்க.

ஒண்ணே கால் மணி நேரத்துல முடிச்சுட்டான். கடைசியா தருமன் வீடு. அவங்களையெல்லாம் லாரியில ஏத்தி இருவது கிலோமீட்டர் தள்ளி எங்கயோ அடுக்குமாடியில போட்டுட்டாங்க. அங்கேர்ந்து இந்த ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறணும். காலையில மொத வண்டி ஏழு பத்து, அத விட்டா எட்டே முக்கால், மணி அடிச்சுரும். நான் விசாரிச்சேன். சும்மாத்தான், டைம் தெரிஞ்சுக்க. அன்னிக்குச் சாயங்காலமே எங்க வீட்டம்மா பைய எடுத்துக்கிட்டு மக வீட்டுக்குக் கெளம்பிட்டா. பேரனப் பாக்கணும்னு சொன்னா.

மேக்கால இன்னொரு கரையில நாலு வீட்ட மட்டும் விட்டுட்டுப் போயிட்டானாம். அங்க ஒரு முனீஸ்வரன் இருந்தாருன்னு பேசிக்கறாங்க. அதெல்லாம் வேற. எல்லாத்தையும் நம்ப முடியுமா?

என்ன தம்பி, எந்திரிச்சுட்டீங்க? சாவி இருக்கு, சாவி இருக்கு, இந்தா பாருங்க, சட்டப் பையிலதான் இருந்துச்சு. மாடியப் பாக்க வேணாமா? காத்து எப்படி வருதுன்னு பாருங்க. செருப்பு மாட்டுறீங்க... நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலியே. என் வீட்டு வாசல்ல, என் பிள்ளையாரு, நான் பாத்துக்கிட்டு நின்னேன். அவ்வளவுதான? நீங்களா இருந்தா திரும்பியிருப்பீங்களா? சொல்லுங்க தம்பி. ஏழு நிமிஷந்தான் கேட்டுச்சு அந்தப் புள்ள. திரும்பியிருப்பீங்களா? சொல்லிட்டுப் போங்க.